பழைய இலக்கு ரைஃபிள் வாங்குவோர் கவனத்திற்கு

சேகரிப்புக்கும் பயிற்சிக்குமாக பிஎஸ்ஏ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மார்ட்டினி போன்ற பழைய .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) ரைஃபிளை வாங்க விரும்பும் குமரி மாவட்ட நண்பர்கள், மரக்கட்டையின் மெருகைக் கண்டு மயங்காமல் குழலின் உட்புறத்தையே முதலில் ஆராய வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்த பின், எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்கச் சொல்லி, திறந்த பின்வாயில் (தோட்டா இடும் பின்முனையில்) வெள்ளைத்தாளை வைத்து அதன்மேல் விளக்கொளி படுமாறு செய்து, முன்வாய் (தோட்டா வெளியேறும் முனை) வழியாகப் பாருங்கள். எண்ணெய் சிறு குழிகளை மறைத்துவிடும் என்பதால் இதில் தயக்கம் வேண்டாம். அக்காலத் தோட்டாக்களின் தீமூட்டு மருந்து எரிந்தபின் குழலில் உப்பு தங்கியதால், பல துப்பாக்கிகளின் உட்புறம் அரிக்கப்பட்டிருக்கும். முன்வாய் விளிம்பு துப்புரவுக் கம்பியால் தேய்ந்திருந்தால் குறி சிதறும். என் கருத்தில், மேற்புறத் துருவைவிட இதுவே பெரிய குறை. துளைவகைப் பின்குறி (குறிபார்க்க உதவும், சிறு துளையுள்ள பின்பக்கக் கருவி) காணாமற்போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஏனெனில் மாற்று கிடைப்பது அரிது.

முன்பணம் கொடுக்குமுன் நாகர்கோவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உரிம நடைமுறையைக் கேட்டறிய வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி இதை வைத்திருக்க முடியாது. விற்பவரின் உரிமத்திலும் துப்பாக்கியிலும் உள்ள துப்பாக்கி எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள்.

இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் ஊரில், துணியுறையில் ஈரம் தங்குமென்பதால், துப்பாக்கிக்கு எண்ணெய் பூசி, பூட்டிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.