அன்னாசியின் கண்களை எண்ணுவது எப்படி?

இயற்கையின் ஒழுங்கு என்று பேச்செடுத்தாலே 'பொன் விகிதம்' (ஏறக்குறைய 1.618 என்ற எண்) என்று தொடங்கிவிடுகிறார்கள். சங்கில் உண்டு, முகத்தில் உண்டு, எல்லாவற்றிலும் உண்டு என்பார்கள். அளந்து பார்த்தால் பல இடங்களில் அது இருக்காது. அதனால் யாரோ சொன்னதை நம்புவதைவிட நாமே எண்ணிப் பார்ப்பது நல்லது. அதற்கு அன்னாசியைப் போல வசதியான பழம் வேறில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் இளம் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளைவதுதானே.

தேவையானவை: நடுத்தர அளவில் ஒரு அன்னாசி, மூன்று நிறங்களில் ஸ்டிக்கர் பொட்டு, வெள்ளைத்தாள், அளவுகோல், கோணமானி.

படி 1: பழத்தைப் பார்ப்பது

பழத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொட்டு ஒட்டாது. ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவிலிருந்து வந்தது. நூறு, அதற்கும் மேற்பட்ட பூக்கள் ஒட்டிச் சேர்ந்துதான் ஒரு பழம். நெருக்கியடித்து வளர்வதால் நடுவில் உள்ள கண்கள் ஏறக்குறைய அறுகோணமாக இருக்கும். ஒரு கண்ணைச் சுற்றி ஆறு கண்கள் இருந்தால், அதன் வழியாக மூன்று வரிசைகள் போகும் என்று அர்த்தம்.

படி 2: எண்ணுவது

நடுவில் ஒரு கண்ணைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வரிசைகளில் அதிகம் சாய்ந்து, மெதுவாக ஏறும் வரிசையைப் பிடித்து, அடியிலிருந்து கொண்டைவரை சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். அதற்கு இணையாகப் பக்கத்தில் ஓடும் வரிசைக்கு மஞ்சள், அடுத்ததற்குப் பச்சை, மறுபடியும் மஞ்சள் என்று பழத்தைச் சுற்றி வாருங்கள். முதல் சிவப்பு வரிசை திரும்ப வரும்போது நிறுத்துங்கள். பெரும்பாலும் 8 வரிசைகள் இருக்கும்.

அப்புறம் பொட்டுகளை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து கொஞ்சம் செங்குத்தாக ஏறும் வரிசைகளை எண்ணுங்கள்: 13. கிட்டத்தட்ட நேராக நிற்கும் மூன்றாவது வகை: 21. சின்னப் பழமென்றால் 5, 8, 13 கிடைப்பதுண்டு. கண்கள் கோணலாக வளர்ந்த பழத்தில் கணக்கு இடறும்; அப்போது வேறு பழம் எடுங்கள், எண்ணைத் திருத்தாதீர்கள்.

8-ஐயும் 13-ஐயும் கூட்டினால் 21. இப்படி முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் வரிசையை இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதினார். அவருக்கு முன்பே 12-ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமசந்திரர் செய்யுள் அசைகளை எண்ணும்போது இதைச் சொல்லியிருக்கிறார்.

படி 3: தென்னம்பிள்ளை

மட்டைகளை மேலிருந்து பார்க்கும் உயரத்தில் உள்ள கன்றாக இருக்கட்டும். கடைசியாக விரிந்த ஓலையை 1 என்று வையுங்கள். அதற்கு முன் விரிந்தது 2, அதற்கும் முன் விரிந்தது 3. ஒன்றிலிருந்து இரண்டுக்குக் குறுக்கு வழியாகப் போனால் சுமார் 140 பாகை திரும்ப வேண்டியிருக்கும். அந்தத் திருப்பம் வலப்பக்கமா, இடப்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தில் அது மாறாது. பக்கத்துக் கன்றில் எதிர்த்திசையாக இருக்கலாம்.

இந்த வலம், இடம் தாய்மரத்திலிருந்து வருவதில்லை என்று 1962-இல் வெளியான கட்டுரையில் காட்டியவர் டி.ஏ. டேவிஸ். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் நாகர்கோவிலில் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் பெயரில் ஆராய்ச்சி மையம் நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. சங்கில் வலம்புரி கிடைப்பது எவ்வளவு அரிது! தென்னையிலோ இரண்டும் சாதாரணமாகக் கலந்து நிற்கின்றன.

படி 4: நாமே வளர்ப்பது

செடியின் நுனியில் புதிய மொட்டுக்கு எந்தக் கணக்கும் தெரியாது. ஏற்கெனவே உள்ளவற்றுக்கு நடுவே அதிக இடம் இருக்கும் பக்கத்தில் அது முளைக்கிறது, அவ்வளவுதான். 1992-இல் டூவாடி, கூடெர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒன்றையொன்று தள்ளும் காந்தத் திரவத் துளிகளைச் சொட்டவிட்டு இதே சுருள்களை வரவழைத்தார்கள். செடியே இல்லாமல்!

தாளில் செய்து பார்க்கலாம். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம் 137.5 பாகை (தென்னையில் பார்த்த திருப்பத்துக்குப் பக்கத்தில் வரும் கோணம்) கூடும், 360-ஐத் தாண்டினால் கழித்துவிடுங்கள்: 0, 137.5, 275, 52.5, 190, 327.5, 105… தூரம், புள்ளி எண்ணின் வர்க்கமூலம், சென்டிமீட்டரில். 4-ஆவது புள்ளி 2 செ.மீ., 9-ஆவது 3 செ.மீ., 100-ஆவது 10 செ.மீ. கோணங்களை முதலில் பட்டியலாக எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் அந்த ஒரே கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். முந்தைய புள்ளியிலிருந்து அளந்தால் அரைப் பாகைப் பிசகும் சேர்ந்து சேர்ந்து படத்தைக் கெடுத்துவிடும்.

100 புள்ளி வைத்ததும் அன்னாசியில் பார்த்த சுருள்கள் தாளில் தெரியும். சரி, இன்னொரு தாளில் கோணத்தை 135 ஆக்குங்கள். வித்தியாசம் இரண்டரைப் பாகைதான். சுருள்கள் போய், 8 நேர்க்கோடுகளும் நடுநடுவே வெற்றிடமும்தான் வரும்.