எல்டிஎல் ஏற்பி நீக்கிய எலிகள்: ஆய்வையே கெடுக்கும் தவறுகள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பார்மசி, பயோடெக் படித்துவிட்டு நாக்அவுட் எலிகளோடு, அதாவது ஒரு ஜீனை நீக்கி உருவாக்கிய சுண்டெலிகளோடு வேலை தொடங்குபவர்களுக்காக இது. இங்கே நீக்கப்பட்டது எல்டிஎல் ஏற்பியின் ஜீன்; ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் துகள்களைக் கல்லீரல் உள்ளிழுக்க உதவும் புரதம் அது. பைப்பெட் பிசகுவதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

வெளியே வாங்கிய கன்ட்ரோல்

நாக்அவுட் எலிகளை உள்ளேயே பெருக்கிவிட்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் சி57 என்ற ஆய்வக வம்சத்துக் கறுப்பு எலிகளை விலைக்கு வாங்கிப் பக்கத்துக் கூண்டில் வைக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. கடைசியில் தெரிகிற வித்தியாசம் ஏற்பி இல்லாததால் வந்ததா, வம்சத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வந்தது அந்த வம்சத்தின் 6ஜே கிளை எலியா, 6என் கிளை எலியா என்றுகூடப் பலர் விசாரிப்பதில்லை. 6ஜே எலியில் என்என்டி என்ற ஜீன் பழுதானது. குளுக்கோஸைக் கையாளும் விதமே வேறு. இன்னொன்று, எலிகள் புழுக்கையைத் தின்னும். தனித்தனிக் கூண்டில் வளர்ந்தால் குடல் பாக்டீரியாவும் தனித்தனி. கொலஸ்ட்ரால் அளவில் அதற்கும் பங்கு உண்டு.

வழி ஒன்றுதான். ஹெட்டிரோ (ஜீனின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் நீங்கிய) ஆணையும் ஹெட்டிரோ பெண்ணையும் சேர்த்து, ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே கூண்டில் கலந்து வளர்க்க வேண்டும். எட்டுக் குட்டிக்கு ஒன்றுதான் ஆண் நாக்அவுட். குழுவுக்குப் பத்து ஆண் வேண்டுமானால் ஏறத்தாழ 80 குட்டி, அதாவது 12, 13 ஈறு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சம். இந்த ஜீன் நீக்கம் 129 என்ற வேறொரு எலி வம்சத்தின் செல்லில் செய்யப்பட்டது. சி57 எலியோடு பத்துத் தலைமுறை திரும்பத் திரும்பக் கலந்து பின்கலப்பு செய்தாலும் ஜீனுக்கு இருபுறமும் 129 துண்டு ஒட்டிக்கொண்டே வரும். கல்லீரலில் அந்த ஜீனைத் திரும்பக் கொடுத்து, மாற்றம் மறைகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

சாதாரணத் தீவனத்தோடு நிறுத்துவது

அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் இரண்டு மடங்கு அளவுக்குத்தான் ஏறும். எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றும் சிஇடிபி என்ற புரதம் எலிக்குக் கிடையாது. அதன் கல்லீரல் அபோபி48 என்ற புரதம் கொண்ட கொழுப்புத் துகள்களையும் சுரக்கிறது. அந்தத் துகள்களை எல்ஆர்பி1 என்ற இன்னொரு ஏற்பி உள்ளிழுத்துவிடும். தீவனத்தில் எடைக்கு 21% பால் கொழுப்பு, 0.2% கொலஸ்ட்ரால் வேண்டும். காங்கேயம் தேங்காய் எண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள். கொழுப்பமிலமே வேறு, கொலஸ்ட்ராலும் இல்லை. ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் உருக்கி நெய்யாக்கி எடை போடுங்கள்: கிலோ தீவனத்துக்கு 210 கிராம் நெய், 1.5 கிராம் கொலஸ்ட்ரால். மீதிக் கொலஸ்ட்ரால் நெய்யிலேயே இருக்கிறது. உறைநிலையில் வைத்து, வாரம் இருமுறை புதிதாகப் போடுங்கள். காறிப்போனால் எலி தொடாது.

ஜீனை நீக்கியும் மாற்றமில்லை என்றால் அந்த ஜீனுக்கு வேலையில்லை என்று எழுதுவது

கல்லீரலில் எல்ஆர்பி1-ஐ மட்டும் நீக்கினால் எல்டிஎல் ஏற்பி கூடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் நீக்கினால்தான் எச்சத் துகள்கள் (கொழுப்பைக் கொடுத்துவிட்டு மிஞ்சும் துகள்கள்) ரத்தத்தில் தேங்குவது தெரியும்.

எல்ஆர்பி1-ஐ உடல் முழுக்க நீக்குவது

கரு தங்காது.

ஃப்ரீட்வால்ட் கணக்கு

மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எல்டிஎல் அளவைக் கணித்து எடுக்கும் இந்தச் சூத்திரம் மனிதருக்கானது. எலிக்குப் போடாதீர்கள்.

ராத்திரி முழுக்கப் பட்டினி

எலி இரவில்தான் தின்னும். ரத்தம் எடுக்கும் முன் பகலில் 4 முதல் 6 மணி நேரப் பட்டினி போதும். 25 கிராம் எலியிடம் ஒரு தடவைக்கு 150 மைக்ரோலிட்டருக்கு மேல் ரத்தம் எடுக்க வேண்டாம்.