மனசு சரியில்லன்னா கிளினிக் கெசிஹாத்தான்ல போய் எப்படிச் சொல்றது

கோலாலம்பூர்ல நம்ம ஆளுங்க இடுப்பு வலின்னா கிளினிக்குக்கு ஓடுவாங்க, ஆனா மாசக்கணக்கா எதுலயும் பிடிப்பில்லாம, ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு கெடந்தா மட்டும் வாயத் திறக்க மாட்டாங்க. ஏன்னா சொன்ன உடனே வீட்ல யாராச்சும் "என்ன, தஞ்சோங் ரம்புத்தான் போகணுமா"ன்னு கேட்டுருவாங்க. அந்த ஒரு பேச்சு எத்தனை பேர் வாய அடைச்சிருக்குன்னு நினைச்சாலே எனக்குக் கோவம் வருது. தஞ்சோங் ரம்புத்தான்ங்கிறது பேராக்ல 1911லேர்ந்து இருக்குற மனநல ஆஸ்பத்திரி, அங்க போறதுலயும் கேவலம் ஒண்ணுமில்ல. ஆனா மொதல்ல நீங்க போக வேண்டியது உங்க வீட்டுப் பக்கத்துல இருக்குற அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குத்தான்.

எப்பப் போறதுன்னா, ரெண்டு வாரமா கிட்டத்தட்ட தினமும் மனசு பாரமா இருக்கு, பிடிச்ச விஷயம்கூட பிடிக்கல, தூக்கமோ சாப்பாடோ கெட்டுப் போச்சு, வேலையில கவனம் நிக்கலன்னா போங்க. முழுசா உடைஞ்சு போற வரைக்கும் காத்திருக்காதீங்க.

போறதுக்கு மொத நாள் ராத்திரியே போன்ல நாலு வரி எழுதி வச்சுக்குங்க: எப்பலேர்ந்து இப்படி இருக்கு, எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, என்ன செய்ய முடியாம போச்சு, வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க. டாக்டர் முன்னால உக்காந்தா பாதி மறந்துரும், இல்லன்னா அழுகை வந்துரும், அப்ப போனை அப்படியே நீட்டலாம்.

காலையில சீக்கிரம் போங்க, ஐசி (அடையாள அட்டை) எடுத்துக்குங்க, மலேசியக் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்), மருந்தும் அதுலயே சேர்த்தி. கவுண்டர்ல எல்லார் முன்னாடியும் கதை சொல்ல வேண்டியதில்ல, "நாக் ஜும்பா டாக்டர்" (டாக்டரைப் பார்க்கணும்)னு சொன்னா போதும், நம்பர் குடுப்பாங்க, பிபி பார்ப்பாங்க, அப்புறம் உக்காந்திருக்கணும், அது கொஞ்சம் நேரம் எடுக்கும்.

உள்ள போனதும்தான் முக்கியமான விஷயம். நம்ம ஆளுங்க என்ன செய்வாங்கன்னா "நெஞ்சு அடைக்குது டாக்டர், தலை சுத்துது, கேஸ் மாதிரி இருக்கு"ன்னு உடம்பை மட்டும் சொல்லிட்டு கேஸ் மருந்தோட வீட்டுக்கு வந்துருவாங்க. உடம்பையும் சொல்லுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க, மனசு சரியில்லன்னு நீங்களே சொல்லணும். டாக்டருக்குத் தமிழ் தெரியலன்னா மலாய்ல "சாயா சூசா தீடோர், ஹாத்தி தாக் தெனாங், டா டுவா பூலான்" (தூக்கம் வரல, மனசு நிம்மதியா இல்ல, ரெண்டு மாசமாச்சு), இவ்ளோ போதும், மீதிய அவங்களே கேட்டுப்பாங்க.

அநேகமா டாஸ்-21னு ஒரு பாரம் குடுப்பாங்க, 21 கேள்வி, கடந்த ஒரு வாரம் எப்படி இருந்துச்சுன்னு 0லேர்ந்து 3 வரைக்கும் போடணும். மனச்சோர்வு, பதட்டம், மன அழுத்தம்னு மூணுக்கும் ஏழேழு கேள்வி. இதுல நல்ல பிள்ளையா மார்க் வாங்கணும்னு குறைச்சுப் போடாதீங்க, பாவம் உங்களுக்குத்தான் நஷ்டம். ரத்தமும் எடுக்கலாம், தைராய்டு கோளாறு, ரத்த சோகை இதெல்லாம்கூட இதே மாதிரி ஆளைச் சோர்வாக்கிப் போடும், அதுக்குத்தான். தேவைப்பட்டா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு லெட்டர் எழுதிக் குடுப்பாங்க. வேலைக்குக் காட்டணும்னா கிளினிக்ல இருந்த நேரத்தைக் காட்டுற டைம் ஸ்லிப் கேளுங்க, என்ன விஷயம்னு முதலாளிகிட்ட விவரிக்கணும்னு அவசியமில்ல.

மாத்திரை குடுத்தா, செர்ட்ரலின் மாதிரி ஒண்ணுன்னா, ரெண்டு மூணு நாள்ல ஒண்ணும் தெரியாது, நல்லா தெரியவே நாலு வாரம் கிட்ட ஆகும், ஆரம்பத்துல குமட்டலும் தலைவலியும் வரலாம். இந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு நிறைய பேர் விட்டுர்றாங்க. விடாதீங்க, நல்லாயிருச்சுன்னு தோணுனாலும் நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்தான் மெல்ல மெல்லக் குறைக்கணும். கோயில், விரதம், நேர்த்திக்கடன் எல்லாம் தாராளமா செய்ங்க, மாத்திரையோட சேர்த்து.

சாகணும்னு எண்ணம் வருதுன்னா கிளினிக் திறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, 999 கூப்பிடுங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி எமெர்ஜென்சிக்குப் போங்க. பேசணும்னா பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929, 24 மணி நேரமும் இருக்காங்க, தமிழ்ல பேச ஆள் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555லயும் பேசலாம். போலீஸ் கேஸாயிரும்னு இன்னும் பயப்படுறவங்க இருக்காங்க, தற்கொலை முயற்சிய குற்றமாக்குன 309வது பிரிவை 2023லயே எடுத்துட்டாங்க.

கூடப் போறவங்களுக்கு ஒண்ணு. வெளியில உக்காந்திருங்க, அவங்க கூப்பிட்டா மட்டும் உள்ள போங்க. திரும்பி வர்ற வழியில டாக்டர் என்ன சொன்னாரு ஏது சொன்னாருன்னு தோண்டாதீங்க, பசியாற கூட்டிட்டுப் போங்க, அடுத்த அப்பாயின்மென்ட் தேதிய உங்க போன்லயும் குறிச்சுக்குங்க, அன்னைக்கும் லீவ் போட்டுருங்க.