அனிமேட்டில் மொபைல் ஆப்: கணினிப் பழக்கத்தால் வரும் தவறுகள்

ஃபிளாஷ் காலத்திலிருந்து அதன் இன்றைய வடிவமான அடோபி அனிமேட் மென்பொருள் வரை டைம்லைன், சிம்பல், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (அதன் நிரல்மொழி) என்றே பழகியவர்கள் மொபைல் ஆப் செய்ய வேறொரு மொழி கற்க வேண்டியதில்லை, ஏர் (அப்படிச் செய்ததைத் தனி ஆப்பாக ஓட்டும் தளம்) வழியாக ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் பேக்கேஜ் செய்யலாம். பிரவுசரில் ஓடிய ஃபிளாஷ் பிளேயர் 2020 முடிவில் நின்றதால் ஏரும் போய்விட்டது என்று கைவிட்டவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஏர் வேறு, அதை 2019 முதல் ஹார்மன் நிறுவனம் பராமரிக்கிறது.

பெரும்பாலான ஆப்கள் திணறுவது படங்களால்தான். பிஎன்ஜி கோப்பு 300 கேபிதானே என்று போட்டுவிடுகிறோம், ஆனால் நினைவகத்தில் அது விரியும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட், அதாவது 2048க்கு 2048 அளவுள்ள ஒரே படம் 16 எம்பி, அப்படிப் பத்துப் பின்னணி இருந்தால் 160 எம்பி. கோப்பை எவ்வளவு சுருக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, பிக்சல் அளவைத்தான் குறைக்க வேண்டும். அப்புறம், திரையிலிருந்து நீக்கும் ரிமூவ்சைல்ட் கட்டளையைக் கொடுத்ததும் படம் போய்விட்டது என்று நம்பாதீர்கள். திரையிலிருந்து மறைந்தாலும் நினைவகத்தில் அது கிடக்கும். படத்தின் பிக்சல்களை வைத்திருக்கும் பிட்மேப்டேட்டாவை டிஸ்போஸ் கட்டளையால் விடுவியுங்கள், சேர்த்த லிசனர்களையும் (நிகழ்வுகளைக் கவனிக்கும் நிரல்துண்டுகள்) நீக்குங்கள்.

குளோ, பிளர், நிழல் ஃபில்டர்களை அசையும் உருவத்தில் வைக்காதீர்கள், முன்பே பிட்மேப்பாக (பிக்சல் படமாக) மாற்றிக்கொள்ளுங்கள். உருவத்தை ஒருமுறை வரைந்து படமாக வைத்துக்கொள்ளும் கேஷ் அஸ் பிட்மேப் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பதும் தவறு. உருவம் சுழன்றாலோ அளவு மாறினாலோ ஒவ்வொரு ஃபிரேமிலும் அது மறுபடி வரையப்படும், வேகம் இன்னும் குறையும். அப்படிச் சுழலும், அளவு மாறும் உருவங்களுக்கென்றே கேஷ் அஸ் பிட்மேப் மேட்ரிக்ஸ் இருக்கிறது.

மவுஸ் மேலே வந்தால் நிறம் மாறும் பட்டனுக்குப் போனில் அர்த்தமில்லை, விரலுக்கு ஹோவர் கிடையாது. பட்டனின் அளவும் விரலுக்கேற்றபடி இருக்கட்டும்: ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐஓஎஸ்ஸில் 44 பாயின்ட் (இரண்டும் திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவுகள்), இதற்குக் குறைந்தால் பக்கத்துப் பட்டன்தான் அழுந்தும்.

அழைப்பு வந்து ஆப் பின்னால் போனபிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருப்பது அடிக்கடி நடக்கும் குறை. ஆப் பின்னால் போகும்போது வரும் டீஆக்டிவேட் நிகழ்வைப் பிடித்து ஒலியை நிறுத்திவிட்டால் சரி. விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் தனி எஸ்டபிள்யூஎஃப்பாக (அனிமேட் உருவாக்கும் கோப்பு) இணையத்திலிருந்து இறக்கலாம் என்ற திட்டமும் ஐஓஎஸ்ஸில் நடக்காது, அப்படி இறக்கிய கோப்பிலுள்ள ஆக்‌ஷன்ஸ்கிரிப்டை ஓட்ட அங்கே அனுமதியில்லை. இதை வடிவமைக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள், கடைசியில் தெரிந்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

பழைய ஏர் எஸ்டிகேயிலேயே (ஆப் உருவாக்கும் கருவித்தொகுப்பு) பேக்கேஜ் செய்யாதீர்கள். கூகுள் பிளே 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் வடிவத்தையும், புதிய ஆப்களுக்கு 2021 ஆகஸ்ட் முதல் ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) கோப்பையும் கேட்கிறது, அடோபியின் பழைய ஏர் இரண்டையும் தராது. சோதனையைக் கணினி சிமுலேட்டரோடு முடிக்காமல், கையில் கிடைக்கும் பழைய, மெதுவான போனில் முதல் வாரத்திலிருந்தே ஓட்டிப் பாருங்கள்.