ராத்திரி லென்ஸ்: பிள்ளையின் கண்ணுக்காகத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் இரவில் போட்டுத் தூங்கி, காலையில் கழற்றிவிடும் கெட்டி லென்ஸ்தான் ஆர்த்தோ-கே. அதைப் போட ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில், பகலில் கண்ணாடி இல்லாமலே பிள்ளைக்குக் கரும்பலகை தெரியும். உடனே பவர் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். போகவில்லை. அந்தக் கெட்டி லென்ஸ் கருவிழியின் மேல்தோலை நடுவில் துளி தட்டையாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். சில இரவுகள் போடாவிட்டால் மங்கல் திரும்பிவிடும். கண் முன்பின்னாக நீள நீளத்தான் கிட்டப்பார்வை கூடுகிறது; உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த நீளத்தைத்தான். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி போட்ட குழந்தைகளைவிட லென்ஸ் போட்டவர்களுக்கு 2 ஆண்டுகளில் கண் நீண்டது 43 சதவீதம் குறைவு. வேகம் குறையும், நிற்காது. அதனால், நன்றாகத்தானே தெரிகிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போதெல்லாம் கண் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

எனக்குப் பெரிய பயம் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது கருவிழியில் புகுந்தால் பார்வையே பறிபோகலாம். காய்ச்சிய தண்ணீர், வடிகட்டிய தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. லென்ஸ் வைக்கும் டப்பாவையும் தண்ணீரில் கழுவாதீர்கள். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு அப்படியே லென்ஸைத் தொடுகிறோமே, அதுவும் தப்பு. விரல் நுனிவரை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் தொட வேண்டும். டப்பாவில் மிச்சமிருக்கும் லென்ஸ் கரைசல் மேலேயே புதிதை ஊற்றாமல், பழையதைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது, காலை அவசரம். தூங்கி எழுந்ததும் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். பள்ளி வண்டி வந்துவிடும் என்று இழுத்தால் மேல்தோல் சிராய்த்துவிடும். டாக்டர் சொன்ன சொட்டு மருந்தை விட்டு, சில நிமிடம் கண் சிமிட்டச் சொல்லுங்கள். பிள்ளையை மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையோரத்தை விரலால் மெதுவாக அழுத்துங்கள். சிமிட்டும்போது லென்ஸ் நகர்ந்தால் சரி, எடுக்கலாம். நகராவிட்டால் இன்னொரு சொட்டு. இதற்கென்றே கால் மணி நேரம் முன்னால் எழுப்பிவிடுங்கள்.

அப்புறம், ஒருநாள் விட்டால் கெட்டுவிடுமோ என்று காய்ச்சலிலும் போட்டுவிடுவது. வேண்டாம், பழைய கண்ணாடியை வைத்துச் சமாளிக்கலாம். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். என்ன கிருமி என்று அதிலிருந்தே தெரியக்கூடும்.