தெருவிலிருந்து பெட்டி வரை: ரயில் நிலையத்தை எப்படிச் சோதிப்பது

இருபது வருடமாகச் சக்கர நாற்காலியில்தான் மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும் போய் வருகிறேன். நிலையத்தைச் சரிசெய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “லிஃப்ட் எங்கே வைக்கலாம்?” என்பதுதான். லிஃப்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, தெருவில் தொடங்கிப் பெட்டிக்குள் ஏறும் வரை ஒரே மூச்சில் போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு படி குறுக்கே வந்தாலும் என் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

சாய்தளம் ஒரு அடி உயர, பன்னிரண்டு அடியாவது நீளம் வேண்டும். பல இடங்களில் சரிவு சரியாகவே இருக்கிறது. அது தெருவைத் தொடும் இடத்தில்தான் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு நிற்கும். அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கேட்டில் ஒன்றாவது 90 செ.மீ. அகலம் இருக்கட்டும். நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் தேவை.

பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லாரும் பெரிய சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். மாட்டிக்கொள்வது முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம். அது பள்ளத்தில் இறங்கியதும் நாற்காலி நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே போகும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. பின்னால் வந்தவர் தோளைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். புதிய மெட்ரோ நிலையங்களுக்கு அமெரிக்க விதி கிடைமட்டத்தில் 7.5 செ.மீ., உயர வித்தியாசத்தில் 1.6 செ.மீ. வரைதான் விடுகிறது. பழைய நிலையத்தில் இது முடியாவிட்டால், நடைமேடையில் ஒரு பகுதியை மட்டுமாவது பெட்டித் தரை மட்டத்துக்கு உயர்த்தி, எந்தக் கதவு அங்கே வந்து நிற்கும் என்று தரையிலேயே வரைந்து வையுங்கள்.

அடுத்து, பார்வையற்றவர் காலாலும் கோலாலும் தொட்டு வழி அறியத் தரையில் பதிக்கும் புடைப்பு ஓடுகள். இவற்றை 1965-இல் உருவாக்கியவர் ஜப்பானின் செயிச்சி மியாக்கே. 1967-இல் ஒகயாமாவில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதித்தார்கள். இன்று பரவலாக உள்ள முறையில் நீளக் கோடு என்றால் ‘போ’, புள்ளி என்றால் ‘கவனம், நில்’. அழகுக்காக இரண்டையும் கலந்து பதிக்காதீர்கள். என் நண்பர் வெண்கோலால் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, அதன் மேலேயே வைத்திருந்த குப்பைத்தொட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டார். ஓட்டின் இரு பக்கமும் காலியாக விடுங்கள்.

சரி, இப்போது லிஃப்ட். பொத்தானை உட்கார்ந்தபடியே எட்டவேண்டும். பழுதானால் அதன் கதவில் மட்டும் தாள் ஒட்டாதீர்கள். ரயிலிலிருந்து இறங்கி வந்து அதைப் படிப்பவரால் மேலே போக முடியாது. முந்தைய நிலையங்களிலும் பெட்டிக்குள்ளும் ஒலியாகவும் எழுத்தாகவும் சொல்லுங்கள். காது கேளாதவருக்கு அந்த எழுத்து ஒன்றுதான் வழி.

கடைசியாக, பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே போடும் மடக்குப் பலகை எங்கே இருக்கிறது என்று ஊழியரிடம் கேளுங்கள். பூட்டிய அறையில் என்றால், இரவுக் கடைசி ரயிலின்போது சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.