மடிகணினி பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

நுவரெலியாக் குளிரில் மடிகணினி சீக்கிரம் அணைந்துவிட்டால், பற்றரி பழுதாகிவிட்டதென்று உடனே முடிவுகட்ட வேண்டாம்; லித்தியம் அயன் கலங்களின் வேதிவினை குளிரில் மந்தமாவதால் ஏற்படும் அந்தக் குறை, அறை சூடேறியதும் பெரும்பாலும் நீங்கிவிடும். உண்மையான தேய்வை அறிய, விண்டோஸின் பவர்சிஎப்ஜி (powercfg /batteryreport) கட்டளை தரும் பற்றரி அறிக்கையில் 'டிசைன் கெப்பாசிட்டி' (புதிதில் இருந்த கொள்ளளவு), 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' (இப்போது முழுதாக நிரப்பினால் கொள்ளும் அளவு) என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்: முன்னது 50,000, பின்னது 38,000 மில்லிவாட் மணி என்றால் எஞ்சியிருப்பது 76 வீதம்.

தேய்வைக் கூட்டுபவை வெப்பமும், நாள் முழுதும் 100 வீதத்திலேயே செருகி வைப்பதும்தான். மழைக்கு மின்சாரம் போய்விடுமே என்ற பயத்தில் தோட்டப்புறத்தில் நாமெல்லாம் செய்வதும் அதுவே. மின்னேற்றம் 80 வீதத்தில் நின்றுவிடும்படி எல்லை இட்டுவைத்து, இடிமுழங்கும் நாட்களில் மட்டும், மின்னல் நெருங்குமுன்னரே முழுதாக நிரப்பிக்கொண்டு இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கம்பளிமேல் வைத்தால் காற்றுத்துளைகள் அடைபட்டு மடிகணினி சூடேறும். அடியில் ஒரு பலகைத்துண்டு போதும்.